கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு

2008 ஜூலை 3, வியாழன்

வெளிநாட்டு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் வந்தது. நாங்கள் செய்யும் விண்வெளி விளையாட்டில் ஆபத்து போதாதாம். முன்னேற்றமும் அலுப்பாம். இதைக் கண்டுபிடிக்க அந்தக் கெட்டிக்காரர்களுக்கு ஒன்பது மாதம் எடுத்தது. தன்னந்தனியாக ஒரு கோளில் இறங்கி, ஒட்சிசன் தீருமுன் கனிமம் பொறுக்கி, கப்பலைத் திருத்தி, அடுத்த கோளுக்குப் போக வேண்டும். மூன்றாவது கோளில் ஆடுபவருக்குக் கொட்டாவி வருகிறதாம். எனக்கு முதலாவதிலேயே வந்தது.

முதலாளி மர்ஸூக் எல்லோரையும் கூப்பிட்டு யோசனை கேட்டார். பக்கத்து மேசை றேமண்ட் முந்திக்கொண்டு கை தூக்கினான். முதற்கோளில் பத்தடிப் புழு வைப்போம், அடுத்ததில் இருபதடி, அதற்கடுத்ததில் நாற்பது என்றான். நான்கு வருடம் படித்த மூளையில் விளைந்தது புழு. இதைச் சொல்லவா கொட்டாஞ்சேனையிலிருந்து நுகேகொடை வரை மோட்டார் சைக்கிளில் வருகிறான்? பெற்றோல் தண்டம்.

ஜூலை 7, திங்கள்

என் யோசனையைச் சொன்னேன். புழு எவ்வளவு நீளமானாலும் சுட்டால் சாகும். பிறகென்ன பயம்? பை நிறைய வைத்துக்கொண்டு வீடு திரும்பும்போதுதான் பயம். அதனால் கோள்களுக்கு நடுவே சோதனைச் சாவடி வைப்போம். அனுமதித் தாள் இல்லாவிட்டால் சேர்த்ததெல்லாம் போய்விடும். சிலவேளை தாள் இருந்தாலும் போய்விடும், காவலனின் மனநிலையைப் பொறுத்து. முன்னேற முன்னேற இழக்க நிறைய இருக்கும், பயமும் கூடும்.

மர்ஸூக்கின் முகம் மலர்ந்தது. றேமண்ட் மட்டும் முணுமுணுத்தான்.

“ஆடுறவனுக்குத் தன்ர பிழை எதெண்டு விளங்கோணும் சிவமணி. விளங்காட்டி விளையாட்டை மூடிட்டுப் போயிடுவான்.”

மூடிவிட்டுப் போகக்கூடியவனின் பேச்சு. அவனுடைய தாய் சிங்களம். கொழும்பில் எந்தச் சாவடியிலும் அவனை இரண்டாவது தடவை பார்க்க மாட்டார்கள். எனக்கு ஆபத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறான்.

ஜூலை 10, வியாழன்

அனுமதித் தாளை றேமண்ட் வரைந்து கொண்டுவந்தான். ஓரத்தில் பொன்னிறக் கோடு, நடுவில் நட்சத்திரம். கலியாண அழைப்பிதழ் போலிருக்கிறது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். சிரித்தார்கள். அவன் தாளைச் சுருட்டிக்கொண்டு போனான்.

தாள் எப்படியிருக்கும் என்று நான் காட்டுகிறேன். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு வாசற்கதவருகே, பிளாஸ்டிக் உறைக்குள், ஆணியில் தொங்குகிறது. வீட்டில் இருப்பவர்களைப் பொலிஸில் பதிந்து முத்திரை குத்தி வாங்கிய தாள். நாலாக மடித்த தடம், கலங்கிய ஊதா முத்திரை. இரண்டே பெயர்கள். ஒன்று என்னுடையது. கீழே, போன மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அண்ணா சிவபாலன்.

ஜூலை 11, வெள்ளி

தாளை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணினேன். பெயர்களை அழித்து, கோள் எண்ணைப் போட்டேன். திரையில் பார்த்ததும் மர்ஸூக்குக்கே முகம் மாறிவிட்டது. அதுதான் வேண்டும். றேமண்ட் தன் பொன்னிறக் கோட்டைக் கொண்டுபோய்ச் சட்டம் போட்டு மாட்டட்டும்.

திங்கட்கிழமை அண்ணாவுக்குத் தூதரகத்தில் விசா நேர்முகம். இரண்டு வருடம் காத்திருந்த நேர்முகம். மாலையில் ஒரே சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டான்.

ஜூலை 12, சனி

காலை ஆறு மணிக்குப் பொலிஸும் ஆமியும் எங்கள் ஒழுங்கையை மறித்துவிட்டார்கள். வீடு வீடாக வந்தார்கள். பதிவுத் தாளைக் கேட்டார்கள்.

ஆணியில் வெறும் உறைதான் தொங்கியது.

ஸ்கேனருக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன் - நுகேகொடையில். என்ர அடையாள அட்டை கொழும்பு விலாசம், என்னை விட்டிட்டாங்கள். அண்ணான்ர யாழ்ப்பாணம். அவனை ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். செருப்புப் போடவும் விடேல்லை. ஒரு படத்துக்காக ஏனடி அதைக் கொண்டு போனனி? ஆருக்குக் கெட்டித்தனம் காட்ட?

அலுவலகப் பூட்டின் திறப்பு வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். மர்ஸூக் கண்டிக்குப் போயிருந்தார். மற்றவன் றேமண்ட். வேறு வழியில்லாமல் அவனுக்குப் போன் எடுத்தேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நுகேகொடைக்குப் போய்த் தாளை எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் பொலிஸ் நிலைய வாசலில் நின்றான். சார்ஜன்டிடம் சிங்களத்தில், பிரதி எடுக்கவென்று தானே தாளைக் கேட்டு வாங்கிப் போனதாகச் சொன்னான். அண்ணா பின்னால் வாங்குப் பலகையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

நிலையத்துப் பெரியவர் கையெழுத்து வைத்தால்தான் விடுவார்களாம். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாதாம்.

ஜூலை 14, திங்கள்

பெரியவர் வரவில்லை. இஸ்திரி போட்ட சட்டை கதிரையில் கிடக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

மாலையில் அண்ணாவை விட்டார்கள். தாளையும் தந்தார்கள், திரும்ப ஆணியில் மாட்டினேன். உள்ளே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து சோற்றைப் பிசைந்தபடி ஒன்றுதான் சொன்னான்.

“உன்ர ஒஃபிஸ் பெடியன் ஒரு மடையன். ஆற்றையும் பதிவுத் தாளை ஆரும் கொண்டு போவினமோ?”

ஓம் என்றேன். எழுதவே கூசுகிறது. ஓம் என்றுதான் சொன்னேன்.

தூதரகத்தில் திரும்ப விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 24, வியாழன்

ஆடிப் பார்த்தவர்கள் என் சாவடியில் விளையாட்டை மூடிவிட்டுப் போகிறார்களாம். என்ன பிழை விட்டோம் என்றே தெரியவில்லையாம். றேமண்ட் சொன்னதேதான். சொல்லிக்காட்டுவான் என்று பார்த்திருந்தேன். அவனோ கப்பற்கதவுக்கு மேலே ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறான். தாளை உள்ளே விட்டுவிட்டு வெளிக்கிட்டால் சிவப்பாக எரியும். சத்தமில்லை. கவனித்தால் தப்பலாம், கவனிக்காவிட்டால் சாவடியில் தெரியவரும். காவலனின் மனநிலையையும் எடுத்துவிட்டான்.

நான் பெரிதாகச் சொன்னேனே, எல்லாம் காவலனின் மனநிலை, காரணமே கிடையாதென்று. இருந்தது. ஸ்கேனர் மூடிக்குக் கீழே இருந்தது. இரண்டு கிழமையாக அவன் ஒருவருக்கும் சொல்லாத காரணம்.

ஓகஸ்ட் 9, சனி

வாடிக்கையாளருக்குப் பிடித்துவிட்டது. விளக்கைப் புகழ்ந்து தள்ளியிருக்கிறார்கள். புழுவையும் வைக்கச் சொல்லிவிட்டார்கள், இருபதடி.

அண்ணா வீட்டை விட்டு வெளியே போவதில்லை. பொழுது போகட்டுமென்று விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். திரையில் கப்பற்கதவடிக்குப் போனான். விளக்கு எரிந்தது. திரும்பிப் போய்த் தாளை எடுத்தான்.

“இது ஆற்ற வேலை?”

“றேமண்ட்.”

“அந்த மடையனோ? இப்பவாவது புத்தி வந்திட்டுது.”

“அவன் கொண்டு போகேல்லை அண்ணா. நான்தான் கொண்டு போனனான்.”

அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு ஆடவுமில்லை. திரையில் ஒட்சிசன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்தது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

தாள் ஆணியில் இல்லை. அண்ணா தன் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறான்.