ராவென்னாவில் வந்த பல்வலி

சியெனா
ஆகஸ்ட் 20

அன்புள்ள மகன் லாப்போவுக்கு அம்மா இல்வா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம். அப்பா சுகம் என்பதை நான் சொன்னால் நம்ப மாட்டாய் என்று டாக்டரம்மாவே சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் கிர்ஸ்டியும் அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அடிலெய்டில் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இப்போது குளிர்காலமாமே, ஆகஸ்டில் கம்பளி போடுகிற ஊரில் குடியேறியிருக்கிறாய், நான் என்ன சொல்ல. நீ கேட்ட ரயில் பயணத்தின் கதையை எழுதுகிறேன். உன் அப்பா தொலைபேசியில் நாலு ஊரையும் நாலு வார்த்தையில் முடித்துவிட்டாராமே.

கிர்ஸ்டிக்கு இதை வாசித்துக் காட்டும்போது முதலில் ஒன்றைப் புரியவை. இந்த ஊரில் மனிதர்கள் முதலில் பேட்டைக்காரர்கள், பிறகுதான் கிறிஸ்தவர்கள், அதற்கும் பிறகுதான் கணவன் மனைவி. என் பேட்டையும் உன் அப்பாவின் பேட்டையும் ஜன்ம எதிரிகள். இரண்டும் ஒரே பாலியோ குதிரைப் பந்தயத்தில் ஓடினால் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தள்ளி இருக்கும் என் அண்ணன் ஓரெஸ்தே வீட்டுக்குப் போய்விடுவேன், நாலு நாள் கழித்து வருவேன். நாற்பத்தொரு வருடமாக இதனால்தான் எங்கள் கல்யாணம் நிலைத்திருக்கிறது. உனக்கும் அப்பாவின் பேட்டை நீரூற்றில்தான் ஞானஸ்நானம் ஆயிற்று, ஆகவே நீயும் எதிரிதான். இருந்தாலும் பெற்றுவிட்டேன், எழுதுகிறேன்.

மே மாதம் அப்பாவின் நெஞ்சுக்குள் அந்தச் சின்னக் குழாயை வைத்தார்களே, அப்போது டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வெண்ணெய் தின்னாக்கூட சமாளிச்சுக்கலாம், பாலியோ ஆகவே ஆகாது. இன்னொரு தடவை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தார்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள். அவர் தோற்றாலும் பொறுத்துக்கொள்வார், என் பேட்டை ஜெயித்தால்தான் ஆபத்து என்று எனக்குத் தெரியும். ஆனால் என் பேட்டை ஜெயித்து இருபத்தேழு வருடம் ஆகிறது, அந்த பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. ஆகஸ்ட் பதின்மூன்று காலையில், எந்தக் குதிரை எந்தப் பேட்டைக்கு என்று சீட்டு எடுப்பதற்கு முன்பே, அவரை ரயிலில் ஏற்றிவிட்டேன். “ஊரை விட்டு ஓடிட்டான்னு நம்ம பசங்க சொல்லுவானுங்க, இல்வா” என்று எம்போலி நிலையம் வரை புலம்பினார். இரண்டு போன்களையும் அணைத்து என் கைப்பையில் போட்டுப் பூட்டினேன். நானும் பார்க்க மாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்துகொடுத்தேன்.

ஃப்ளோரன்ஸில் அவர் நிலையத்தை விட்டு வெளியே வந்து, அந்தப் பெரிய குவிமாடத்தை அண்ணாந்து பார்த்து, “பெருசுதான். ஆனா நம்மகிட்ட அடி வாங்கினவங்கதானே” என்றார். அந்த அடி விழுந்தது 1260இல் நடந்த போரில், இவர் ஏதோ போன வாரம் தானே கொடுத்துவிட்டு வந்தவர் மாதிரி நடந்தார். சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பையனிடமும் சியெனாக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவன் தட்டை வைத்துக்கொண்டே, “ஓ, சியெனாவா? உங்க கோயிலைக் கட்டி முடிச்சாச்சா சார்? இல்ல, எழுநூறு வருஷமா பாதியிலேயே நிக்குதுன்னு கேள்விப்பட்டேன்” என்றான். அன்று அப்பாவின் ரத்த அழுத்தத்தைச் சோதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொலோன்யாவில் வெயில் படாமல் தூண்களுக்கு நடுவே நடந்தோம், தெளிந்த சூப்பில் தொர்தெல்லினி பாஸ்தா சாப்பிட்டோம், உப்பு குறைக்கச் சொன்னதற்கு சமையல்காரர் வெளியே வந்து என்னை ஒரு கொலைகாரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார். காலையிலும் மாலையிலும் ஊரில் ஒத்திகை ஓட்டம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் அப்பாவின் வலது கால் தானாகத் துடித்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி கடைகளைப் பார்த்தேன்.

பதினைந்தாம் தேதி ஃபெர்ராராவில் இருந்தோம். மாதா திருநாள், ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கடலுக்குப் போயிருந்தது, விடுதிக்கார அம்மாள் அர்மீதா மட்டும் எங்களுக்காகப் பூசணிக்காய் பூரணம் வைத்த பாஸ்தா செய்து போட்டாள். நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. “பாலியோவா? நாங்க உங்களுக்கெல்லாம் முன்னாடியே குதிரை ஓட்ட ஆரம்பிச்சவங்க. எங்களைப் பார்த்துத்தான் நீங்க கத்துக்கிட்டீங்க” என்றாள். அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். நான் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தேன். அவர் ரொம்ப மரியாதையாக, “ஏம்மா, உங்க ஊர்ல தோத்தா அழுவாங்களா?” என்று கேட்டார். “எதுக்கு அழணும்? சாப்பிடப் போவாங்க” என்றாள் அவள். “அப்ப அது வேற ஏதோ விளையாட்டு” என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை பாஸ்தா வாங்கிக்கொண்டார். அந்தப் பயணத்தில் அவர் நிம்மதியாகச் சாப்பிட்ட சாப்பாடு அதுதான்.

பந்தயம் பதினாறாம் தேதி மாலை ஏழு மணிக்கு. அந்த நேரத்தில் டிவி எதுவும் கண்ணில் படக் கூடாது என்றுதான் ஆறேகால் வண்டியில் ராவென்னாவுக்குக் கிளம்பினேன். அது ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நலம் விசாரித்துவிட்டுப் போகிற வண்டி. ஜன்னலுக்கு வெளியே பேரிக்காய்த் தோட்டம், பேரிக்காய்த் தோட்டம், அப்புறம் மறுபடியும் பேரிக்காய்த் தோட்டம். ஏழு மணிக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். யோசித்துப் பார்த்தேன் லாப்போ, நாற்பத்தொரு வருடத்தில் அந்த நேரத்தில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே இல்லை. அவர் தன் பேட்டைக்கு வேண்டிக்கொண்டிருப்பார், நான் என் பேட்டைக்கு வேண்டிக்கொண்டிருந்தேன், கை மட்டும் சேர்ந்திருந்தது.

ராவென்னாவில் அறைக்குப் போனதும், “குழாய்த் தண்ணி கடல் வாடை அடிக்குது, பாட்டில் வாங்கிட்டு வர்றேன்” என்று அவர் வெளியே போனார். நான் மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு குளியலறைக்குள் போய் என் போனைத் திறந்தேன். ஓரெஸ்தே குரல் பதிவு அனுப்பியிருந்தான். அதில் ஒரு வார்த்தையும் இல்லை, எழுபத்திரண்டு வயது ஆள் ஏங்கி ஏங்கி அழுகிறான், பின்னால் எங்கள் பேட்டை மணி அடிக்கிறது. இருபத்தேழு வருடம்! நான் குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, சத்தம் வெளியே போகாமல் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேனோ அழுதேனோ எனக்கே தெரியாது. அப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. இது அவருக்குத் தெரிந்தால் அந்த நெஞ்சு தாங்குமா? முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவர் அரை மணி நேரம் கழித்து வந்தார். “கன்னத்தை ஏன் பிடிச்சுக்கிட்டிருக்கே?” என்றார். பல்வலி என்றேன். முகம் தானாகச் சிரிக்கிறது, அதைக் கையால் பிடித்து வைக்க வேறு வழியில்லை. தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெறுங்கையோடு வந்திருக்கிறார் என்பதைக் கவனிக்கக்கூட எனக்குப் புத்தி இல்லை.

மறுநாள் அந்தப் பழைய தேவாலயத்தின் தங்கச் சில்லுக் கூரையைப் பார்க்கப் போனோம். உலகமே வந்து பார்க்கிற கூரை. எனக்கு அதில் எங்கள் கொடிதான் தெரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நேத்து இடது பக்கம் பிடிச்சிருந்தே, இன்னைக்கு வலது பக்கமா?” என்றார். வலி நகர்ந்துவிட்டது என்று சொன்னேன். நகரும் என்று ஒப்புக்கொண்டார். மதியம் வண்டி ஏறுவதற்கு முன், பல்லுக்கு ஏதாவது வாங்கி வருகிறேன் என்று மருந்துக்கடைக்குள் போனவர், ஒரு சின்னக் காகிதப் பையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, அப்புறம் தருகிறேன் என்றார். பொலோன்யாவில் மாறினோம், ஃப்ளோரன்ஸில் மாறினோம், தரவில்லை. சியெனாவுக்கு முன்னால் அந்த நீளச் சுரங்கம் இருக்கிறதே, அதில் வண்டி நுழைந்து இருட்டானதும் பையை என் மடியில் வைத்தார். வெளிச்சம் வந்ததும் பிரித்துப் பார்த்தேன். குழந்தைகள் வாயில் வைக்கிற ரப்பர் சூப்பான், எங்கள் பேட்டையின் நிறத்தில், கழுத்தில் மாட்ட நாடாவோடு. கிர்ஸ்டிக்குச் சொல்: இங்கே ஜெயித்த பேட்டைக்காரர்கள் புதிதாகப் பிறந்தவர்கள் என்று கணக்கு, எண்பது வயதுக் கிழவன்கூடச் சூப்பானை வாயில் வைத்துக்கொண்டு தெருவில் ஆடுவான்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ராவென்னாவுல எறங்கினப்பவே தெரியும். காப்பிக் கடை டிவியில உங்க கொடி பறந்துச்சு. தண்ணி வாங்கப் போறேன்னு வந்து, நாக்குக்கு அடியில மாத்திரையை வெச்சுக்கிட்டு வெளி பெஞ்சுல உக்காந்திருந்தேன். செத்துருவேன்னுதான் நெனச்சேன். சாகல. ரூமுக்கு வந்து பார்த்தா நீ சந்தோஷத்தை முழுங்க முடியாம முழுங்கிக்கிட்டு உக்காந்திருக்கே. அதைப் பார்த்துத்தான்டி நெஞ்சு வலிச்சுது” என்றார். மருந்துக்கடைப் பெண் பேரனுக்கா பேத்திக்கா என்று கேட்டாளாம், எதிரிக்கு என்றாராம்.

நிலையத்தில் இறங்கியதும், “நீ போ, உங்க ஆளுங்க காத்துக்கிட்டிருப்பாங்க. நான் வீட்டுக்குப் போய் ஜன்னலைச் சாத்திக்கிறேன். இதை நான் வாங்கித் தந்தேன்னு எவன்கிட்டயாவது சொன்னே, அப்புறம் வக்கீலைத்தான் பார்க்கணும்” என்று பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் போனேன். எப்படி ஆடினேன் என்று ஒரு எதிரிக்கு எழுதுவது மரியாதை இல்லை. டாக்டரம்மா நேற்று அவரைப் பரிசோதித்துவிட்டு, மே மாதத்தைவிட நெஞ்சு நன்றாக இருக்கிறது, பயணம்தான் காரணம், வருடா வருடம் போங்கள் என்கிறாள். படித்தவள், சொல்லட்டும்.

நீ அப்பாவிடம் பேசும்போது ராவென்னாவைப் பற்றி மட்டும் பேச்செடுக்காதே. ஊருக்கு வந்த பிறகுதான் முடிவு தெரியும் என்று தன் பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறார். படித்ததும் இந்தக் கடிதத்தை மாமனார் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டாமல் பத்திரமாக வை. கிர்ஸ்டிக்கு இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்காதே. நவம்பரில் சுகப் பிரசவம் ஆக மாதாவிடம் வேண்டியிருக்கிறேன், நான் சத்தியம் மீறியதை மன்னித்தவள் இதையும் கேட்பாள். நீங்கள் மூவரும் நீண்ட நாள் நலமாய் இருக்க என் ஆசிகள். கடைசியாக ஒன்று. பிள்ளைக்குச் சூப்பான் அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதைக் கேட்டு யாரும் எனக்கு எழுத வேண்டாம், தரமாட்டேன்.

முன்னூற்று அறுபத்தொரு நாள் உன் அம்மாவும்,
மீதி நாலு நாள் உன் எதிரியுமான
இல்வா