எழுந்திருக்காத சபை

நேற்று சேலம் இசை விழாவில் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பாடகர் பாட்டை நிறுத்தி, மிருதங்கத்தையும் கடத்தையும் மட்டும் வாசிக்க விட்ட தனி ஆவர்த்தன நேரம். கேன்டீன் பக்கமிருந்து மெதுவடை வாசனை வந்தது. வழக்கம்போல ஜனம் எழுந்து வடையைப் பார்த்து நடந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நீ இல்லையே என்று உடனே இருந்தது.

நாம் இருவரும் இதே விழாவுக்கு முதல்முறை வந்த நாள் நினைவிருக்கிறதா? மல்லசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணமும் சீரும் காதுகுத்தும் எடுத்துப் பழகிய தோழிகள் நாம். கச்சேரி புதுசு. காலையில் முதல் கச்சேரியிலேயே, கண்ணை மூடி சுருதியோடு ஒன்றிப்போயிருந்த வயலின்காரரிடம், "அண்ணா, இங்க பாருங்க சாமி, கொஞ்சம் சிரிங்க" என்றாய். அவர் திடுக்கிட்டுச் சிரித்தும்விட்டார். எனக்கு உயிரே போனது.

ஆனால் நீ சீக்கிரம் பிடித்துக்கொண்டாய். மத்தியானத்துக்குள் என்னிடமே, "ஏம்புள்ள, குரல் மேல ஏறுறப்ப எடுக்காத. இறங்கி வாரப்ப எடு. அப்பத்தான் மொகம் மொகமா இருக்குது" என்றாய். இன்றுவரை பாடுகிறவர்களை நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

சாயங்காலக் கச்சேரிக்கு முன்னால், கடம் வாசிக்க வந்த பெண் நம்மைத் தேடி வந்தாள். பனமரத்துப்பட்டிக்காரி. சொந்த ஊர்ப் பக்கம் அவள் ஏறும் முதல் பெரிய மேடை.

"எங்கம்மா இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்திருக்காங்க. வந்து பாக்க முடியாதுங்க. பானையத் தட்டுறத ஆரு உக்காந்து கேக்கறாங்கன்னு தெனமும் ஒரே கேள்வி. நான் வாசிக்கறதச் சனம் கேக்கற மாதிரி ஒரே ஒரு படம் வேணுமுங்க" என்றாள். பிறகு தயங்கி, "தனி வந்தா எல்லாரும் காப்பிக்குப் போயிருவாங்க" என்றும் சொன்னாள்.

"அதெப்படிப் போவாங்க?" என்றாய் நீ. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேடையோரத் திரைக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டேன். அங்கிருந்து அவள் முகமும் அதற்கு அப்பால் கூட்டமும் ஒன்றாகத் தெரிந்தன. தனி தொடங்கியது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. வரிசை வரிசையாக எழுந்தார்கள். அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் பின்வாசலிலிருந்து உன் குரல் வந்தது. படம் எடுத்து முடிக்கும் முன்னே பந்திக்குக் கிளம்பும் மாமன் மச்சானை நிறுத்துவாயே, அதே குரல். "ஏனுங்க! ஆரும் எந்திரிக்காதீங்க! போட்டோ எடுக்கறமுங்க! அப்பிடியே உக்காருங்க சாமி!"

உட்கார்ந்துவிட்டார்கள்! நம் ஊர்ச் சனம் எதை மறந்தாலும் போட்டோக்காரர் பேச்சைத் தட்டாது. ஒரு பெரியவர் துண்டைச் சரிசெய்தார். ஒரு அம்மா பின்னலில் இருந்த பூவை எடுத்து முன்னால் விட்டுக்கொண்டார். விழாக்காரர் ஒருவர் முறைத்துக்கொண்டு உன்னிடம் ஓடினார். நீ வாசலை மறித்து இரண்டு கையையும் விரித்தபடி அசையாமல் நின்றாய்.

எல்லோரும் என் கேமராவையே பார்த்தார்கள். நான் எடுக்கவில்லை, காத்திருந்தேன். பார்த்துப் பார்த்துச் சலித்து அவர்கள் கண்கள் மேடைக்குத் திரும்பின. அவள் விரல்கள் வேகமெடுத்தன. அந்தப் பெரியவர் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார், பக்கத்திலிருந்தவரும் போட்டார். அவள் நிமிர்ந்து சிரித்த கணத்தில் எடுத்தேன்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க நாம் இருவரும் ஸ்கூட்டியில் போனோம். அந்த அம்மா படுத்தபடியே இரண்டு கையாலும் வாங்கி, வெகுநேரம் பார்த்தார். "இத்தன பேருமா கேட்டாங்க?" என்றார்.

"ஆமாங்கம்மா, ஒருத்தர் நகரலீங்க" என்றாய், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் மகளைப் பார்த்து, "பானையப் பத்திரமா வெச்சுக்க சாமி" என்றார். அவள் அழுதுவிட்டாள்.

போன வருஷம் நீ போனபோது, மாலை போட ஒரு படம் வேண்டுமென்று உன் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டார். ஊரையே படமெடுத்த நம்மிடம் உன் படம் இல்லை. தேடித் தேடி, அந்தக் கச்சேரிப் படம் ஒன்றுதான் கிடைத்தது. சபையின் கடைசியில், வாசலில், கைவிரித்து நிற்கிறாய். உன்னை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப்போனது. "முழுசாவே மாட்டிரலாமுங்க" என்றார் அவர்.

மாட்டினோம். மாலையோடு வந்த உன் மாமியார் படத்தைப் பார்த்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இதுல இத்தன பேரு உசுரோட இருக்காங்களே, இதுக்குப் போயி மாலை போடலாமா?" என்றார்.

அதனால் உன் படத்துக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை, சிவப்பு பல்பும் இல்லை. உன் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏதோ கச்சேரிப் படமென்று பார்க்கிறார்கள். நான்தான் கிட்டப் போய், விரலை வைத்து, "இதோ, இவதான்" என்று காட்டுகிறேன். செத்துப்போனவள் என்று இன்னும் ஒருவரிடமும் என் வாயால் சொன்னதில்லை.