நாம் பார்த்த கோடு அதுவல்ல, முரளி

என் அருமை முரளிப் பயலே,

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. நம் கட்டுரை தப்பு. ஏதோ ஓரத்தில் இல்லை, நடுமையத்திலேயே தப்பு. கடைசி ஜெல்லைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ கொட்டாவி விட்டுக்கொள். செல் உள்ளே வாங்கிய கொலஸ்டிராலை அங்கிருந்து வெளியே எடுத்துக் கொடுக்க ஒரு புரதம் இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது சரியாக இல்லை. கொலஸ்டிரால் உள்ளேயே தேங்கி, மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும். நாங்கள் இருவரும் ஒரு மருந்துப் பொருளைச் செல்லில் விட்டு, அந்தப் புரதம் கூடுகிறதா என்று பார்த்தோம். செல்லைக் கரைத்த மாதிரியை ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் ஓடவிட்டால், புரதங்கள் எடைக்குத் தக்கபடி மேலும் கீழுமாகப் பிரிந்து நிற்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அதைப் பிடித்துக்கொள்ளும் ஆண்டிபாடியை மேலே ஊற்றினால், பிடித்த இடத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். எங்கள் கோடு தடித்தது. கேன்டீனில் எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தோம்.

அந்த ஆண்டிபாடி வேறு எதையும் பிடிக்காது என்று யார் சொன்னது? அதோடு வந்த துண்டுக் காகிதம் சொன்னது. உனக்கு அது போதவில்லை. அந்தப் புரதமே இல்லாத செல்லை வரவழைத்து, அதில் கோடு வராமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாய். வேறு ஊரிலிருந்து வர வேண்டும், காகிதங்களே இரண்டு மாதம் இழுக்கும்.

“அரே யார், எவனுக்குடா அவ்வளவு பொறுமை? வேற லேப் முந்திக்கிட்டா?” என்றேன்.

“முந்தட்டும்ல. இது நம்ம புரதந்தானான்னு தெரிய வேண்டாமா?”

“நீ தீசிஸ் முடிக்கிறதுக்குள்ள உன் பையன் ஸ்கூலுக்குப் போயிடுவான்.”

“மொதல்ல எனக்குப் பொண்ணு பாத்துட்டுப் பேசுல.”

சிரித்தாய். விட்டுக்கொடுத்தாய். கோடு இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. அதற்கு ‘புரதத்தின் துண்டான வடிவமாக இருக்கலாம்’ என்று ஒரு வாக்கியம் எழுதிச் சமாளித்தவன் நான். மழை முடிந்த கையோடு டெங்கு உன்னைக் கொண்டுபோனது. கட்டுரை வெளிவந்தபோது உன் பெயருக்குப் பக்கத்தில், ஆள் இல்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சின்னச் சிலுவைக் குறி.

மூன்று மாதம் முன்னால் முன்பின் தெரியாத ஒரு மாணவியிடமிருந்து மெயில். கொதிக்க வைக்காமல் பார்த்தேன், உங்கள் கோடு எனக்கு வரவே இல்லை, நீங்கள் மாதிரியை எத்தனை நிமிடம் கொதிக்க வைத்தீர்கள் என்று கேட்டிருந்தாள். எரிச்சலோடுதான் படித்தேன். பிறகுதான் உறைத்தது. நம் லேபில் எதுவானாலும் ஐந்து நிமிடம் கொதிக்க வைப்பது வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அரிசி களைவது மாதிரி. ஆனால் இந்தப் புரதம் செல்லின் கொழுப்புச் சவ்வில் உள்ளும் வெளியுமாகப் பலமுறை நுழைந்து கிடப்பது. கொதிக்க வைத்தால் கட்டிதட்டி, ஜெல்லுக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும்.

நீ கேட்ட செல்லை வரவழைத்தேன். கொதிக்க வைக்காத மாதிரியில் நிஜப் புரதம் மேலே, சரியான இடத்தில் வந்தது. புரதமே இல்லாத செல்லில் அங்கே ஒன்றும் இல்லை. மருந்துப் பொருளால் அது துளியும் கூடவில்லை. கொதிக்க வைத்ததில் நிஜம் காணாமல் போய், அதற்குப் பதில் நம்முடைய பழைய கோடு வந்து நின்றது. புரதம் இல்லாத செல்லிலும் அதே கோடு, அதே கறுப்பு. என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு நாம் சமோசா வாங்கியிருக்கிறோம், முரளி.

நம் ஆய்வு வழிகாட்டி மேடத்திடம் ஜெல்லைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். “சோடோ பேட்டா, விட்டுடு” என்றார். “அவன் பேரில் இருப்பது இந்த ஒரு பேப்பர்தான். அதையும் எடுத்துவிடப் போகிறாயா?” இந்தியில் அவர் கேட்டது இதுதான். ஜெல்லை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜனக்புரிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். கட்டுரையின் முதல் பக்கத்தை உன் அம்மா சட்டம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். உனக்குத் தெரியுமா?

“வால. என்ன, இப்படி மெலிஞ்சு போயிட்ட? சாப்பிட்டுட்டுப் பேசு.”

சாப்பிடாமலே சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

“அப்ப இனி என்ன செய்வீய?”

“வாபஸ் வாங்கணும்மா. பேப்பர் அப்படியே இருக்கும். மேல ‘திரும்பப் பெறப்பட்டது’ன்னு பெருசாப் போடுவாங்க.”

“அவன் பேருக்கு மேலயா?”

“ஆமாம்மா.”

சட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு கேட்டார்கள்: “அந்தச் சொகமில்லாத பிள்ளைக இருக்குல்லா, இத நம்பி அதுகளுக்கு மருந்து குடுப்பாகளா?”

“இப்ப இல்ல. ஆனா இத நம்பி யாராவது மேல மேல செய்வாங்க. வருஷக்கணக்கா வீணாப் போகும்.”

“பெறவு எங்கிட்ட எதுக்குல கேக்க?”

அவ்வளவுதான். வழக்கமாக லிஃப்ட் வரை வருகிறவர்கள் அன்று எழுந்திருக்கவில்லை. அது சம்மதமா, கோபமா? உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகை இரண்டு வரியில் அறிவிப்பு போடும், காரணம் போடாது. உன் நினைவுக் கூட்டத்தில் உன்னைப் புகழ்ந்த நம் ஜனங்கள், முரளி தப்பாகச் செய்துவிட்டானாமே என்று பேசுவார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்: சரிபார்க்க வேண்டும் என்றவன் முரளி. வேண்டாம் என்றவன் நான்.

நாளைக் காலை பத்திரிகைக்கு வாபஸ் கடிதத்தை அனுப்புகிறேன். மேடம் கையெழுத்துப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அந்த மாணவிக்கு, கொதிக்க வைக்காதே என்று எழுதிவிட்டேன். அடுத்த ஞாயிறும் ஜனக்புரிக்குப் போவேன். அம்மா கதவைத் திறக்காவிட்டால், அதற்கடுத்த ஞாயிறும்.

உன் கூடப் பிறக்காத தம்பி,
சேது