தவளைத் தொட்டியில் ஃபினாயில்

ஜூலை 7
தவளைக் கூண்டில் நான் எழுதிய பலகையை மாட்டினார்கள். 'தவளை வாயால் தண்ணீர் குடிக்காது. தோலால் உறிஞ்சும். தொட்டியில் மருந்து எதுவும் கலக்காதீர்.' உயிரியல் பூங்காவில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதத்தில் என் எழுத்து வெளியே தெரிவது இதுதான் முதல்முறை.

ஜூலை 9
நாளை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். எங்கும் நாற்றம் இருக்கக் கூடாதாம். துப்புரவு வேலை பார்க்கும் இருசம்மாள் அக்காவிடம் மேலாளர் சபாபதி, "ஒரு தொட்டி விடாம ஃபினாயில் ஊத்திக் கழுவும்மா" என்றார். தவளைத் தொட்டி? சொல்ல வாயெடுத்தேன். அவர் திரும்பிப் பார்த்ததும் குரல் வரவில்லை. சரி, பலகைதான் இருக்கிறதே.

ஜூலை 10
பதினொன்றும் செத்துவிட்டன. கால் விறைத்து, வயிறு மேலே. பலகை நேர் மேலேதான் தொங்குகிறது. கண்ணு தெரியலையா இவங்களுக்கு? யாருக்காக எழுதுறேன் நான்?

அக்காவிடம் கத்திவிட்டேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை. அவர் வாளியைக் கீழே வைத்தார். "எனக்கு எழுத்து தெரியாது பாப்பா. நீ ரெண்டு வார்த்த வாயால சொல்லியிருக்கலாமே."

என் அம்மாவும் கைநாட்டுதான். சேத்தியாத்தோப்பில் பஸ் போர்டை இன்றும் நான்தான் அவளுக்குப் படித்துச் சொல்கிறேன். அது எப்படி எனக்கு மறந்தது? பட்டம் வாங்கினா மறந்துடுமா?

ஜூலை 14
சபாபதி ஒரு தாள் கொடுத்தார். அக்கா யாரும் சொல்லாமல் தானாகவே ஊற்றினாராம். நான் சாட்சியாம். "படிச்ச பொண்ணு நீ, உன் கையெழுத்துக்கு மதிப்பு ஜாஸ்தி. அவங்களுக்கு வேற எடம் கெடைக்கும்."

கெடைக்குமா? அப்ப நீ போய்யா.

வாயால் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன். மறுபடியும் எழுதத்தான் செய்கிறேன்!

ஜூலை 15
தாளைத் திருப்பி, பின்பக்கம் எழுதினேன்: ஊற்றச் சொன்னது மேலாளர். கேட்டும் வாய் திறக்காதவள் நான். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் கொடுத்தபோது அதிகாரி, "என்னம்மா இது?" என்றார். நின்றபடி முழுவதையும் சொன்னேன்.

ஜூலை 22
அக்காவை நீக்கவில்லை. எனக்கு ஒப்பந்தம் நீட்டிப்பு இல்லையாம். சபாபதி அதே நாற்காலியில். பற்றி எரிகிறது.

ஆகஸ்ட் 4
பூங்காவிலிருந்து அக்கா கூப்பிட்டார். ஆமை ஓட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னார்களாம். "தேய்க்கலாமா பாப்பா?"

வேண்டாம் அக்கா, ஓட்டில் தொட்டாலும் அதற்குத் தெரியும், வலிக்கும் என்றேன்.

"அப்ப முதலைக்கு, ஓணானுக்கு, பாம்புக்கு? எதெது ஆவாதுன்னு ஒண்ணொண்ணா சொல்லு, கேட்டுக்கிறேன்."

போனில் சார்ஜ் தீரும்வரை சொன்னேன்.