ஓவியாவின் இடது காது

கம்பம்,
12.1.2025

அன்புத் தம்பி பால்பாண்டிக்கு,

நீதான் நம்பரை மாற்றிவிட்டாயே, அதனால் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். ஓவியாவுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. இன்னும் காது குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்களாம். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிடா குத்துவேன்? வைகாசியில் குலசாமி கோயிலில் வைத்திருக்கிறோம். அடிக்கப்போகும் பிளக்ஸ் பேனரில் உன் போட்டோதான் பெரிசு. ஆறு வருஷத்துக்கு முந்தையது, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

என் மாமனார் அன்று பேசியது தப்புத்தான். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னுமா கோபம்?

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா முனீஸ்வரி


ஓசூர்,
3.2.2025

அன்புள்ள அக்கா,

பிள்ளையை நினைக்காத நாள் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு மறக்கவில்லை. துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களின் நினைவுத் தூணுக்கு நான் மாலை கொண்டுபோனபோது உன் மாமனார் ஊரே கேட்கச் சொன்னார்: "ஆம்பளையெல்லாம் ஸ்டேஷன்ல ரேகை வைக்கணும்னு வெள்ளக்காரன் சட்டம் போட்டான். அத எதுத்து எங்க பாட்டன் குண்டு வாங்கிச் செத்தாக. ஒங்க பூட்டன் பயந்துபோய் ரேகை வச்ச ஆளு. மாலைய அங்கன ஓரமா வையி." உன் வீட்டுக்காரர் சுருளி மாமா பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இங்கே தினமும் பெருவிரல் வைத்தால்தான் கேட் திறக்கும். ஆயிலில் ரேகை தேய்ந்து சில நாள் மெஷின் ஏற்காது. வெளியே நிற்கும்போதெல்லாம் பூட்டன் ஞாபகம்தான்.

நம் பூட்டன் பயப்படவில்லை என்று மாமா அதே தூண் முன்னால் சொல்லட்டும். மறுநாளே வருகிறேன்.

தம்பி,
பால்பாண்டி


கம்பம்,
25.2.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவிடம் வாசித்தேன். "சொல்லிர்றேன். அவன் இங்கன வந்தாப் போதும்" என்றார். அன்று திறக்காத வாயை இப்போது திறந்துவிட்டார், பாவம். நான்தான் வேண்டாம் என்றேன்.

அது பொய்டா. அப்பா சாகுமுன் என்னிடம் சொன்னார். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பூட்டன் சோளக்காட்டுக்குள் ஓடிப் படுத்துக்கொண்டார். விடிந்ததும் தானே நடந்துபோய்ப் பத்து விரலையும் மையில் வைத்தார். அப்போது பூட்டியின் வயிற்றில் இருந்தவர்தான் நம் தாத்தா. பயந்ததால்தான் பிழைத்தார். அதனால்தான் நீயும் நானும் இருக்கிறோம். செத்தவர்களைக் கும்பிடுகிறேன். பிழைத்தவரைப் பற்றிப் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இதற்காக என்னையும் வெறுத்துவிடாதே சாமி. வா.

அக்கா


கம்பம்,
10.6.2025

அன்புத் தம்பிக்கு,

நாலு மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. காதுகுத்து அன்றைக்கு முகூர்த்தம் முடியும்வரை கோயில் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசூர் பஸ் லேட் என்று எல்லாரிடமும் நானே புளுகினேன். "மாமன் போட்டோவ மடியில வச்சுக் குத்திரு தாயி" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் பெரியப்பா மகன் நல்லகண்ணு மடியில் உட்காரவைத்தோம்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். அவ்வளவுதான், ஓவியா இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். "இது பால்பாண்டி மாமாவுக்கு. மாமா வந்துதான் குத்தணும்" என்று ஒரே அழுகை. "வலிக்குப் பயந்து சாக்குச் சொல்றா" என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பயந்தால் என்ன? நான் கையை எடுக்கச் சொல்லவில்லை.

இப்போது ஒற்றைத் தோட்டோடு பள்ளிக்கூடம் போகிறாள். கேட்பவர்களிடமெல்லாம் என் மாமா வருவாக என்கிறாள். இன்னொரு தோடு சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அக்கா