சந்தனம் பூசிய சில்லு

ராஜபாளையம்,
20.2.1997

அன்பு மருமகள் வெள்ளத்தாய்க்கு மாமன் மலைச்சாமி எழுதுவது. உன் அம்மா, அப்பா, நான் எல்லோரும் நல்லபடி இருக்கிறோம். பெங்களூரில் உனக்கு ஒரு குறையும் வராமல் ஆண்டாள் பார்த்துக்கொள்வாள்.

நீ அனுப்பிய சோலார் சில்லு உடையாமல் வந்தது. தபால்காரரை உட்காரவைத்து, செயற்கைக்கோளுக்கு வானத்தில் கரண்டு கொடுப்பது இதுதான், செய்தது என் அக்கா மகள் என்றேன். மனிதர் மற்ற வீட்டுத் தபாலை மறந்து அரைமணி நேரம் நின்றார்.

இனி உன் அப்பா விஷயம். உன்னை ஜெர்மனிக்குப் படிக்க அனுப்ப முடியாது என்று மச்சான் எழுதினாரே, அதற்குக் காரணம் நான்தான். பால்ச்சாமி டீக்கடையில், அது காலியம் ஆர்சனைடு, பாதிக்குப் பாதி பாஷாணம், எங்கள் பிள்ளை அதைக் காய்ச்சித்தான் கரண்டு எடுக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அது மச்சான் காதுக்குப் போய்விட்டது. "பொம்பளப் பிள்ளயப் பாஷாணம் காய்ச்சவாலே படிக்க வச்சேன்?" என்று கேட்டவர், இருபது நாள் என்னோடு பேசவில்லை. கையுறை, கண்ணாடிப் பெட்டி என்று நீ எழுதியதை அக்கா மூன்று தரம் வாசித்துக் காட்டியும் அவர் அசையவில்லை.

கெடுத்தவன்தானே சரிசெய்ய வேண்டும்? சில்லை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய் ஆண்டாள் பாதத்தில் வைத்து வாங்கினேன். பட்டரே எழுந்து நின்று பார்த்தார். கிருபாபாய் டீச்சரிடம் பள்ளிக்கூடத்து மீட்டரை இரவல் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் நம் வாசலில் இருநூறு பேர். அக்கா பதினொரு பேர் என்பாள், நம்பாதே.

முப்பது வருஷமாகப் பம்புசெட் மோட்டார் மாட்டுகிறேன். பொட்டு வைக்காமல் ஒரு மோட்டாருக்கும் சுவிட்சு போட்டதில்லை. இது வானத்துக்குப் போகிற சாமான் அல்லவா? சில்லின் கண்ணாடி மேல் முழுக்கச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, வயரை மாட்டினேன். முள் அசையவில்லை. வயரை மாற்றினேன், மீட்டரைத் தட்டினேன், ம்ஹூம். செயற்கைக்கோள் கீழே விழுந்துவிட்டதா என்று பால்ச்சாமி விசாரித்தான்.

உள்ளேயிருந்து மச்சான் வந்தார். பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்தவர் இல்லையா, ஒரு பார்வைதான். துண்டு முனையை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்தார்.

"மூஞ்சிய மூடி வச்சிட்டுப் பேசுன்னா எப்பிடிலே பேசும்?" என்றார்.

முள் ஒரே தாவாகத் தாவியது. சில்லுக்குப் பொட்டு வைத்தால் வெயில் போகாது என்று எனக்குத் தெரியாதா? ஊர் நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல்லு.

கூட்டம் போன பிறகும் மச்சான் வெயிலைவிட்டு நகரவில்லை. சில்லைக் கையால் மறைக்கிறார், முள் படுக்கிறது. கையை எடுக்கிறார், எழுந்திருக்கிறது. நூறு தடவை செய்திருப்பார்.

மறுநாள் காலையில் என்னிடம் வாய் திறந்தார். "அங்க எம்புட்டுக் குளிரும்?" அவர் பட்டாளத்தில் இருந்த லடாக்கைப் போல இரண்டு பங்கு என்று சொல்லிவைத்தேன். டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாளத்துக் கம்பளிக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார். உன் பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்து, டெய்லரிடம் கையைக் குறைத்து வாங்கினார். பார்சலுக்குத் துணி சுற்றித் தைத்ததும், உன் விலாசம் எழுதியதும் அவரேதான். இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே வந்து சேரும்.

இந்தக் கடிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள் என்று கேட்டேன். அங்கே நீ படிக்கப்போகிற டெராஹெர்ட்ஸ் கதிர், ஒட்டிய உறைக்குள் இருப்பதையும் பிரிக்காமல் படம் பிடிக்கும் என்று முன்பே அவரிடம் அளந்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டார். "உள்ள இருக்கறதப் பாக்கத்தான போறா. எழுதாமலே தெரியட்டும்" என்றார்.

சில்லைத் திருப்பிக் கேட்காதே. அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

தாயி, விமானம் ஏறும் முன் ஒரு நடை வந்து போ. மாசி வெயில் கொளுத்தினாலும் பரவாயில்லை, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டே பஸ்ஸை விட்டு இறங்கு. மச்சான் பஸ் ஸ்டாண்டில் நிற்பார்.

உன் பெயர் சொல்லியே ஊரில் நடமாடும் மாமன்,
மலைச்சாமி