உன் நைனாவுக்கு மொட்டை

என் சிங்கத்துக்கு,

நம் நாட்டுச் சாம்பியன் அணியில் நீ ஆடி, கொழும்பில் இலங்கைச் சாம்பியன்களை ஜெயித்ததை டிவியில் பார்த்தேன். கடைசி விக்கெட்டை நீ எடுத்ததும் புத்தூரே அதிரக் கத்தினேன்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குப் பந்து?" என்று உன்னோடு பேச்சை நிறுத்தினானே நான் பெற்ற பிள்ளை, உன் நைனா, அதை நான் மறப்பேனா? நீ ஜெயித்தால் மொட்டை என்று ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டேன். என் தலைக்கு அல்ல, அவன் தலைக்கு.

விஷயத்தைச் சொன்னால் குதிப்பான் என்று நினைத்தேன். திருமலையில் அவனே நாவிதரிடம், "மீசையும் எடுத்துடுபா, எம்பொண்ணு கெலிச்சிட்டா" என்றான்.

நீ வரும் அன்று திருப்பதி ஸ்டேஷனில் நிற்பான். யாரோ என்று தாண்டிப் போகாமல், "நைனா" என்று கூப்பிடு. அப்புறம் நானும் மன்னிக்க யோசிக்கிறேன்.

எதையும் மறக்காத,
உன் ஆயா